பால்பேணியில் அளந்த சீனி

அக்கராயன் கிராமத்தில் தாட்சாயினியின் குசினியில் தராசு ஒருநாளும் இருந்ததில்லை. அரிசி, சீனி, பருப்பு எல்லாமே ஒரு பால்பேணியால்தான் அளக்கப்படும். ரின்பால் என்கிற இனிப்புக் கட்டிப்பால் முடிந்ததும் மூடியை வெட்டி எடுத்து, கை கிழிக்காமல் விளிம்பைத் தட்டி மழுக்கிய பேணி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு, ஐம்பத்தைந்து வயதுவரை அந்தப் பேணிக் கணக்கில் ஒரு குறையும் வரவில்லை.

குறை நோர்வேயில் இருந்து வந்தது. அங்கே இருக்கிற தங்கை கௌசலா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாள்.

“அக்கா, வாற சனிக்கிழமை என்ரை மகள் யதுர்ஷிகாவுக்கு இருபத்தொரு வயசு. கடைக் கேக் வேண்டாமாம். சின்னனிலை நீ எனக்குச் சுட்டுத் தந்த ரவைக் கேக்தான் வேணுமாம். நான் கதைச்சுக் கதைச்சே பிள்ளைக்கு ஆசை ஏத்திப் போட்டன்.”

“அதுக்கென்ன, சுடன். ரவை ஒரு பக்கற், மாஜரின் ஒரு கட்டி, முட்டை ஆறு. சீனி ஒரு பேணி, பனங்கட்டி சீவினது அரைப்பேணி.”

“உன்ரை பேணிக்கு நான் எங்கை போறது? இன்ரநெற்றிலை கப்புக்குக் கணக்கு இருக்கு, உன்ரை பேணிக்கு இல்லை. இஞ்சை எல்லாம் நிறுத்துத்தான் போடுறது. கிராமிலை சொல்லு.”

கௌசலா ஊரைவிட்டுப் போய் இருபத்துநான்கு வருடம். யதுர்ஷிகா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பெரியம்மாவை அவள் போன் திரையில் மட்டுமே கண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் நல்லநாளில் தன் கைப்பக்குவம் அவர்கள் வீட்டு மேசையில் இருக்கப்போகிறது என்று நினைக்கவே தாட்சாயினிக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்தக் கேக் பிறந்ததே யுத்தத்தால் சீனி தட்டுப்பாடான காலத்தில்தான். கௌசலாவின் பிறந்தநாளுக்குக் கிடைத்தது ஒரு பேணிச் சீனி. போதாததற்குப் பனங்கட்டியைச் சீவிப் போட்டார் தாட்சாயினி. சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை இறக்கி, மேல்மூடியிலும் சிரட்டைத் தணல் அள்ளிப் போட்டுச் சுட்டார். ஒன்பது வயதுக் கௌசலா பக்கத்தில் குந்தியிருந்து “வெந்திட்டுதோ, வெந்திட்டுதோ?” என்று உயிரை வாங்கினாள். மூடியைத் திறந்தபோது எழுந்த வாசம் நாலு வளவு தாண்டிப் போனது. அதற்குப் பிறகு குடும்பம் எத்தனையோ இடம் மாறியது. எந்தக் கொட்டிலில் இருந்தாலும் தங்கையின் பிறந்தநாளுக்கு அதே கேக், அதே அளவு, கரைத் துண்டும் அவளுக்கே.

கிராம் கேட்டால் எங்கே போவது? அலுமாரியில் உடைக்காத ரின்பால் ஒன்று இருந்தது. பேணியின் அதே பருமன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு கிராம். கடவுளே, எவ்வளவு சுகமான வேலை!

“சீனி முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. பனங்கட்டி அதிலை பாதி,” என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கௌசலா கூப்பிட்டாள். “நடு வேகாமல் இறங்கி இருந்திட்டுது அக்கா. கரண்டியாலை அள்ளலாம். கரையெல்லாம் தார் மாதிரி ஒட்டிக்கிடக்கு. ‘இதுதானா அம்மா அந்த ருசி?’ எண்டு இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.”

சூட்டைக் குறைத்து இன்னொரு தரம் சுடச் சொன்னார். அதுவும் அப்படியே.

“அப்ப நீ எனக்குச் சுட்டுத் தந்ததெல்லாம் கனவிலையோ?” என்று பகிடியாகத்தான் கௌசலா தொடங்கினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “விடு அக்கா. கடையிலை ஓடர் குடுக்கிறன்.”

அன்றைக்குத் தாட்சாயினிக்குச் சோறு இறங்கவில்லை. “கேக்குக்காக உன்னைக் கரைச்சல்படுத்தக் கூடாதுதான், எண்டாலும் பிள்ளையாரே, அந்தப் பிள்ளைக்கு முன்னாலை என்ரை தங்கச்சியைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதை,” என்று கும்பிட்டார்.

வியாழக்கிழமை சதுர்த்தி. படையலுக்குப் பாயாசம் காய்ச்ச, ஒரு கையில் ரின்பாலையும் மறு கையில் பேணி நிறையச் சீனியையும் எடுத்தார். பால் இருந்த கை பதிந்தது. கை மாற்றிப் பார்த்தார். மற்றக் கை பதிந்தது. பாத்திரத்தின் பருமன் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல.

“ஐயோ அப்பனே! அது பாலின்ரை நிறையெல்லோ!”

படையலை முடித்த கையோடு பேணியையும் பனங்கட்டி இருந்த ஓலைக் குட்டானையும் பையில் போட்டுக்கொண்டு சந்திக் கடைக்கு நடந்தார். கடைக்காரர் தங்கராசா வெறும் பேணியைத் தராசில் வைத்து முள்ளைச் சரிப்படுத்தினார். சீனியை நிரப்பி, மட்டையால் மேலே இழுத்துத் தலைதட்டினார்.

“இருநூற்றைம்பத்தாறு, தங்கச்சி.”

“அண்ணை, ஆர் தலைதட்டச் சொன்னது? வீட்டுச் சாப்பாட்டுக்குத் தலைதட்டி அளந்தா வீடு விளங்குமே? குவிச்சுப் போடுங்கோ.”

“குவிச்சா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு நிறையெல்லோ வரும்?”

“என்ரை கைக்கு வராது. தாங்கோ இஞ்சை.” தாட்சாயினி தானே குவித்தார். பிறகு மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்துக் கடதாசியில் வைத்தார். “இது பிள்ளையாருக்கு. கேக்குக்குள்ளை போகாது.”

“நல்ல காலம், நோர்வேயிலை கேக் சுடுறதுக்கு என்ரை தராசிலை பிள்ளையாருக்கும் பங்கு,” என்று சிரித்துக்கொண்டே தங்கராசா முள்ளைப் பார்த்தார். இருநூற்று எண்பத்திரண்டு. சீவிய பனங்கட்டியை அரைப்பேணிக்குப் பெருவிரலால் அமத்தி வைத்தபோது நூற்றி இருபத்துநாலு.

கடை வாசலில் நின்றே கௌசலாவுக்குப் போன் எடுத்து இரண்டு நிறையையும் சொன்னார்.

“அக்கா, சீனி மட்டுமே நூறு கிராமுக்கு மேலை கூடப் போட்டிருக்கிறன்!”

“நீயெங்கை போட்டது? நானெல்லோ போடுவிச்சனான். ரின்னிலை இருந்ததைப் பாத்துச் சொல்லிப்போட்டன். படிக்காத அக்காவிட்டைக் கணக்குக் கேட்டா இப்பிடித்தான். கடை ஓடரை நிப்பாட்டு.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “நான் இன்னும் குடுக்கேல்லை அக்கா. மனம் வரேல்லை.”

சனிக்கிழமை இங்கே பொழுதுபடுகிற நேரம். அங்கே வெயில். திரையில் மேசையும் மெழுகுதிரியும் தெரிந்தன. நடுவில் கேக், தேன் நிறத்தில், மேல் கொஞ்சம் வெடித்து நின்றது. யதுர்ஷிகா வெட்டி முதல் துண்டைத் தாய்க்கு ஊட்டினாள். கௌசலா மென்றாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

“என்னடி, சரியில்லையோ?” தாட்சாயினி திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

கௌசலா கையை ஆட்டிவிட்டு, கரைத் துண்டைத் தன் பக்கம் இழுத்தாள். போனை வாங்கியது யதுர்ஷிகாதான். வாய் நிறையக் கேக்.

“பெரியம்மா, கரைத் துண்டு அம்மாவுக்காம், தரமாட்டாவாம். நான் எடுக்கட்டா?”

“எடு பிள்ளை, எடு,” என்றார் தாட்சாயினி, தட்டு தன் கையிலேயே இருப்பது போல. “கொம்மாவுக்கு நான் வேறை சுட்டுக் குடுப்பன்.”