காற்றடித்தால் வரும் விருந்தாளிகள்

நானும் மனைவியும் வேலை செய்யும் வீடு, இந்தத் துறைமுக நகரத்தின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில். வீட்டுக்கார அம்மாவை, இங்கத்தைப் பேச்சில் சினோரா என்போம். அவர் சட்டசபை உறுப்பினர். தூரக் கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். தலை நரைக்க முன்பே சபைக்குப் போனவர், இன்னும் போகிறார். தீவுக்கு டொக்டர், தண்ணீர்க் கப்பல், பள்ளிக்கூடக் கூரை எல்லாம் அவர் சண்டை பிடித்து வாங்கியவை.

காற்றடித்தால் தீவுக்குக் கப்பல் ஓடாது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் வந்த தீவுச் சனம் நேரே இந்த வீட்டுக்கு வரும். கேட்டு வருவதில்லை. நானும் எங்கள் நாட்டில் ஒரு தீவில் பிறந்தவன். எனக்கு அது புதினமில்லை.

போன மாரியில் ஒரு பின்னேரம் கட்சிக்காரர் இருவர் வந்தார்கள். கூடவே நல்ல கோட் போட்ட ஒரு இளம் வக்கீல். வருகிற தேர்தலில் சினோரா நிற்க வேண்டாம், வக்கீல் நிற்கட்டும் என்றார்கள். சினோரா கோப்பியைக் குடித்து முடித்தார்.

மனைவி குசினிக்குள் என்னைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, இவ நிக்காட்டி வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போயிடுவா. நாங்கள் எங்கை போறது?"

"பொறு."

அன்று நல்ல காற்று. வாசல் மணி அடித்தது. கைக்கு பிளாஸ்டர் போட்ட மீனவர் ஒருவர், அவர் மனைவி, கலியாண உடுப்பு எடுக்க வந்த ஒரு குடும்பம். மணப்பெண்ணின் வெள்ளைச் சட்டையை வக்கீல் கழற்றி மாட்டியிருந்த கோட்டுக்கு மேலேயே கொழுவினார்கள்.

மீனவர், வக்கீல் இருந்த சோபாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எழும்பும். இது என்ரை படுக்கை."

வக்கீல் எழும்பினார். "ஆர் இவை?"

"தீவு," என்றார் சினோரா. பிறகு சனத்தைப் பார்த்து, "இனி இவர்தான் உங்கடை ஆளாம்."

"அப்பிடியே! விலாசத்தைச் சொல்லும் தம்பி. அடுத்த காத்துக்கு அங்கை வாறம்," என்றார் மீனவர்.

வக்கீல் தன் வீடு சின்னது என்றார். பெண்சாதிக்குச் சத்தம் ஆகாது என்றார்.

"நான் குறட்டை விடமாட்டன்," என்ற மணப்பெண்ணின் தாய், புருஷனைக் காட்டினார். "இந்தாள்தான் விடும்."

எல்லோரும் சிரித்தார்கள். கட்சிக்காரர் சிரிக்கவில்லை. முதல் கப்பலோடு இந்தக் கதை தீவு முழுக்கப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"சினோரா, இந்த முறையும் நீங்களே நில்லுங்கோவன்."

"ஓம், நிக்கிறன்," என்றார் சினோரா. என் பக்கம் திரும்பினார். "தலையணை காணாது, பார்."

குசினியில் மனைவி பெரிய பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

"சோறோ, பாஸ்தாவோ?"

"ரெண்டும் போடு," என்றேன்.