ஈரத்துக்கு ஒன்று

போன வாரம் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு, சாக்கில் சுற்றிய இரண்டு கட்டு சிலேட்டோடு போயிருந்தேன். பதுளைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அவசர ஆர்டர் — இன்ஸ்பெக்டர் வருகிறாராம்!

சிலேட்டு வந்துவிட்டது. வாத்தியார்? கல்யாணத்துக்கென்று ஊருக்குக் கப்பலேறிப் போனவர்... போனவர்தான். பாடம் நடக்கவில்லை என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் புல்லு வெட்டப் போகவேண்டியதுதான்.

தோட்டத்துத் துரை என்ன செய்தார்? கணக்குக் கூட்டத் தெரிந்த ஆள் யாரென்று பார்த்து, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையை வாத்தியாராக்கிவிட்டார். காலையில் கரும்பலகை, சாயங்காலம் தராசு!

இன்ஸ்பெக்டர் சாதுவான மனிதர். சுலபமான கணக்காகத்தான் கேட்டார்.

"பன்னிரண்டும் பத்தும் எவ்வளவு?"

"இருபதுங்க!" என்றது வகுப்பு முழுவதும்.

மறுபடி கேட்டார். மறுபடியும் இருபதுதான் — இன்னும் பலமாக. கணக்கப்பிள்ளை பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் முன் வரிசையிலிருந்த வள்ளியம்மாவை எழுப்பினார். "இருபத்திரண்டு அல்லவா வரும்?"

"வருங்க. கூடைக்கு ஒன்னு, ஈரத்துக்கு ஒன்னு கழிச்சாச்சுங்க."

"இங்கே ஏது கூடை? வெளியே வெயில் கொளுத்துகிறது, ஏது ஈரம்?"

"வெயிலடிச்சாலும் ஈரம் உண்டுங்க. கொழுந்து நிறுக்கறப்ப எங்க அம்மா கேட்டதுக்கும் கணக்கப்பிள்ளை ஐயா அதத்தான் சொன்னாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற துரையிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கள். எது சரி?"

துரையின் முகம் சிவந்துவிட்டது. இருபது என்றால் இன்ஸ்பெக்டர் முன்னால் மானம் போகும். இருபத்திரண்டு என்றால்...? ஜன்னலுக்கு வெளியே கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வள்ளியம்மாவின் தாயும் அங்கேதான் இருந்தாள்.

துரை தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம தோட்டத்தில இருபது சரி!"

துரையே சொன்ன பிறகு இன்ஸ்பெக்டர் என்ன செய்வார், பாவம்? பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார், குதிரை ஏறினார். பள்ளிக்கூடம் பிழைத்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாத்தியார் இல்லாத இடத்துக்கு யாரை அனுப்பினாலும் அவரவர் தொழிலைத்தானே சொல்லிக்கொடுப்பார்? என்னை அனுப்பியிருந்தால் பிள்ளைகள் பேரம் பேசப் படித்திருக்கும்!

கிளம்பும் நேரம். சிலேட்டுகளை எண்ணி வாங்கச் சொல்லி வள்ளியம்மாவை அனுப்பினார் கணக்கப்பிள்ளை. ஒரு கட்டில் பன்னிரண்டு, மற்றதில் பத்து. நிதானமாக எண்ணினாள்.

"இருபதுங்க."

"ஏம்மா... இருபத்திரண்டு இருக்கே!"

"சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு ஒன்னுங்க."

"சிலேட்டில் ஏதம்மா ஈரம்?"

"துரையே சொல்லிட்டாருங்களே!"

கணக்கப்பிள்ளை இருபதுக்குத்தான் ரசீது கொடுத்தார். பதுளை வந்து சேரும்வரை எனக்கு வயிறெரிச்சல் அடங்கவில்லை. இத்தனைக்கும் போனது இரண்டே சிலேட்டு, அதுவும் ஒரே ஒரு நாள்.

அவள் அம்மாவுக்கு இது தினமும்!