ஜூன் ஒன்றும் ஒரு வால்வும்

மாடம்பாக்கம் மஹாலட்சுமிக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். ஒன்று ஆடிப்பூரத்துக்கு மறுநாள், அன்றுதான் பிறந்தாள். இன்னொன்று ஜூன் ஒன்று. அது பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கொடுத்தது. மகளைச் சேர்க்கப் போன பூவராகனிடம் அவர் இங்கிலீஷ் தேதி கேட்டார். பூவராகனுக்கு ஆடிப்பூரம் தெரியும், ஆகஸ்டு தெரியாது. ஆசிரியர் எல்லோருக்கும் எழுதியதையே இவளுக்கும் எழுதினார். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. இஞ்சினியரிங் முடித்து, சென்னைக்கு வடக்கே ஏவுதளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ராக்கெட் பாகங்களை மேசைமேல் ஏற்றிக் குலுக்குவார்கள். எது கழல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு வருஷம் குலுக்கினாள். பிறகு வால்வுகள், பிறகு எரிபொருள், கடைசியில் மிஷன் டைரக்டர். ஆயிரம் பேர் செய்த வேலைக்கு, கிளம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்கிற பொறுப்பு. வாரமெல்லாம் குவார்ட்டர்ஸ், சனிக்கிழமை தாம்பரம் பஸ். குரோம்பேட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்த கணவர் துரைராஜ்தான் வீட்டில் சமையல். அவர் கைப்பக்குவம் தனக்கு வராது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அறுபது வயது நெருங்கியபோதுதான் ஜூன் ஒன்று தன் வேலையைக் காட்டியது. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது சர்க்கார் விதி. ஆக, மே முப்பத்தொன்று.

"ரெண்டாம் தேதின்னு எழுதியிருந்தாகூட ஒரு மாசம் கிடைச்சிருக்கும்பா!"

"நான் இன்னாத்த கண்டேன்? நீ ராக்கெட் வுடுவேன்னு வாத்தியாருக்குக்கூட தெரியாது" என்றார் பூவராகன். எண்பத்தேழு வயதிலும் அவர் வாய்க்கு ஓய்வில்லை.

சிரித்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. நட்சத்திரங்கள் வெடிப்பதைப் பார்க்கும் ஒரு விண்வெளித் தொலைநோக்கி. அதற்காக ஒன்பது வருஷம் உழைத்திருந்தாள். மே இருபத்தொன்பது காலை அது புறப்பட வேண்டும். அதைத் தன் கையால் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். யாரிடமும் மறைக்கவுமில்லை.

அன்று புறப்பட இருபது நிமிஷம் இருக்கையில், ஆக்ஸிஜன் தொட்டி வால்வில் அழுத்தம் மெல்ல இறங்கியது. அனுமதித்த எல்லைக்குள்தான். ஆனால் இறங்கிய விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு மேடம்" என்றார் துணை டைரக்டர் ஹேமநாத். குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குத் தவறினா அடுத்தது ஜூன் அஞ்சுதான். நீங்க இருக்க மாட்டீங்க."

"நான் ரிட்டயர் ஆகிறது வால்வுக்குத் தெரியாது ஹேமநாத். நிறுத்துங்க."

சொல்லிவிட்டு எழுந்தாள். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் வால்வைக் கழற்றியபோது உள்ளே ரப்பர் வளையத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். சாவியும் கோப்பும் ஹேமநாத் கைக்குப் போயின.

ஜூன் ஐந்தாம் தேதிக்கு அழைப்பு வந்தது. மருமகள் சமைக்கும்போது பின்னால் நிற்கும் மாமியார் மாதிரி நான் எதற்கு என்று மறுத்துவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு மாடம்பாக்கத்தில் தன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனாள். ராக்கெட் போகிற நாளில் அந்தத் தெருவில் எல்லா மாடியிலும் கூட்டம்தான்.

வடக்கே தென்னை மரங்களுக்கு மேலே ஒரு நெருப்புப் பொட்டு ஏறியது; பின்னாலேயே வெள்ளைப் புகை. "ஆன்ட்டி, உங்களுது!" என்று பக்கத்து மாடியிலிருந்து வினிதா கத்தினாள். தெருவே கைதட்டியது. இரண்டு மூன்று நிமிஷத்தில் பொட்டு மறைந்தது. எல்லோரும் டிபன் சாப்பிட இறங்கினார்கள். நாற்காலியில் பூவராகனும், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மஹாலட்சுமியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அதான் பூட்ச்சே. வெறும் வானத்துல இன்னும் இன்னா கீது?"

"இனிமேதாம்பா எல்லாம் கீது" என்று அவர் பாணியிலேயே சொன்னாள். முதல் பகுதி கழன்றிருக்கும். இரண்டாவது பற்றியிருக்க வேண்டும். உதடு மட்டும் அசைந்தது. கீழிருந்து துரைராஜ் இட்லி ஆறுகிறது என்று இரண்டு முறை குரல் கொடுத்தார். அவள் காதில் ஏறவில்லை. தொலைநோக்கி ராக்கெட்டிலிருந்து பிரிய வேண்டிய பதினேழாம் நிமிஷம் தாண்டியது. பதினெட்டு. போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பின்னணியில் ஒரே கைதட்டல்.

"மேடம், டெலஸ்கோப் தனியா பிரிஞ்சிடுச்சு! சோலார் பேனலும் விரிஞ்சிடுச்சு!" ஹேமநாத்துக்குக் குரல் உடைந்தது.

அவள் போனைக் காதில் வைத்தபடியே விம்மி விம்மி அழுதாள். சத்தம் கேட்டுத் துரைராஜ் கரண்டியும் கையுமாகப் படியேறி ஓடிவந்தார்.

"என்ன மஹா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் ரிட்டயர் ஆனேன்."