மரத்துக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் பார்க்கும் வைபவத்தில் கலந்துகொண்டேன். பெண் எனக்கு உறவில்லை. மாப்பிள்ளையும் உறவில்லை. சொல்லப்போனால், என்னை யாரும் அழைக்கவே இல்லை.

நடந்தது இதுதான். ஒரு வேலையாகப் போடிநாயக்கனூர் போயிருந்தேன். வேலை சனிக்கிழமையே முடிந்துவிட்டது. மறுநாள் மதுரைக்கு ரயில் ஏற வேண்டியதுதானே? மனம் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போடிமெட்டுக்கு ஏறாமல் திரும்புவதா? ஞாயிறு காலையில் மலைக்குப் போகும் ஜீப்பில் ஓர் ஓரத்தில் தொற்றிக்கொண்டேன். யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். அது இருமுகிற இருமலைக் கேட்டால் மலைக்கே இரக்கம் வரும்.

உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். ராசிங்காபுரத்துக்காரர்கள். மடியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு பேச்சியம்மாள். பக்கத்தில் புது வேட்டியில் அவர் மகன் முருகேசன், பருத்தி விவசாயம் பார்க்கும் இளைஞன். முன் ஸீட்டில் பேச்சியம்மாளின் அண்ணன் மாயாண்டி. தாய்மாமன் அல்லவா... முகத்தில் அந்த மிடுக்கு இருந்தது. மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருப்பவரின் மகளைப் பார்க்கப் போகிறார்களாம்.

"மலைக்காட்டுப் பொண்ணு, வயக்காட்டுச் சோலிக்குத் தாங்குமா? மலைக் காய்ச்சல் வேற. எனக்கு என்னமோ மனசு ஒப்பல" என்று மாயாண்டி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பாத்துட்டுப் பேசுவோம்ணே" என்றார் பேச்சியம்மாள். முருகேசன் புது வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றுவிட்டது. முந்தின இரவு அடித்த காற்றிலும் மழையிலும் பெரிய மரம் ஒன்று சாய்ந்து, பாதையை முழுக்க அடைத்துக் கிடந்தது.

டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "அறுத்துத்தாண்ணே எடுக்கணும். மேலருந்து வந்த லாரி ஒண்ணு அந்தப் பக்கமே திரும்பிப் போன தடம் தெரியுது. அவுக போய்ச் சொன்னா ஆள் வரும்."

"சொன்னேன்ல?" மாயாண்டி எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப மரம் விழுகுது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? ஜீப்பத் திருப்பச் சொல்லு."

பேச்சியம்மாள் தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். நான் மெல்ல நழுவி, வளைவின் ஓரத்தில் நின்றேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. வயல்களுக்கு மேல் மேகத்தின் நிழல் ஊர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்... ஆனால் என் காது முழுக்க ஜீப்பிலேயே இருந்தது.

அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நிற்கும் சத்தம். கிளைகளுக்கு நடுவே பார்த்தால், தோட்டத்து ஆட்கள் சிலர், கோடாரி, இரண்டு பேர் பிடித்து இழுக்கும் பெரிய ரம்பம். அவர்களுக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒருவர். அவர்தான் பெண்ணின் அப்பா, கருப்பையா.

"வாங்க, வாங்க. மரம் விழுந்திருச்சுன்னு லாரிக்காரர் வந்து சொன்னாரு. திரும்பிறாதீக. இதுக்கு முந்தி வந்தவுகளும் இப்படித்தான் பாதி வழியில திரும்பிட்டாக. செத்த பொறுங்க, வெரசா அறுத்துருவோம்."

அவர் குரலில் இருந்த தவிப்பு எனக்கே என்னவோ செய்தது.

லாரியிலிருந்து ஒரு பெண்ணும் இறங்கினாள். கையில் தூக்குப் பாத்திரம். அலங்காரம் ஏதுமில்லை, சாதாரணச் சேலைதான். பஞ்சவர்ணம்... பார்க்க வந்தவர்கள் பார்க்க வேண்டிய அதே பெண்.

"காலையிலருந்து வெறும் வயிறா இருப்பீகன்னு கொண்டாந்தேன். சாயா ஊத்தவா?"

"சாயாவா? அது என்னத்தா?" என்றார் பேச்சியம்மாள்.

"டீத்தண்ணிதான்."

"பேச்சுலயே மலையாளம்" என்று மாயாண்டி முணுமுணுத்தார்.

பேச்சியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தவர்போல் தட்டை என் கையில் கொடுத்தார். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, மரத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து பஞ்சவர்ணம் கொண்டுவந்திருந்த இனிப்புச் சுழியத்தைத் தின்றுகொண்டே அவளோடு பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கிளை வழியாக இரண்டு சுழியம் வந்தது. ஏலக்காய் வாசம் விரலிலேயே தங்கிவிட்டது.

இந்தப் பக்கம் ரம்பத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். டிரைவர் கிளையை இழுத்துப் பார்த்ததில் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். மாயாண்டி நகரவில்லை. முருகேசன் சட்டையைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டுப் போய்ப் பிடியைப் பற்றினான். மறுமுனையில் கருப்பையா. ரம்பம் கொஞ்சம் ஓடும், சிக்கி நிற்கும்.

"என் மகனைப் பாத்தியா?" என்று பேச்சியம்மாள் கேட்பது கேட்டது.

"பாத்தேன். ரம்பத்தப் போட்டு அழுத்துறாக. அதான் சிக்குது."

பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "ஏப்பா முருகேசா, அழுத்தாம இழுப்பியாம். இந்தப் புள்ள சொல்லுது."

முருகேசன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவளும் தலையைக் குனியவில்லை. பிறகு ரம்பத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்தவரிடம் சொன்னான்.

"கொஞ்சம் மெதுவா இழுங்க மாமா."

ரம்பம் நின்றது. மாயாண்டி திரும்பினார். "என்னையவா கூப்பிட்ட?"

"இல்ல மாமா. அவுகளத்தான்."

"வாய் தவறி வந்திருச்சா?"

"தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

கருப்பையா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியை விடக் கண்களைத்தான் அதிக நேரம் துடைத்தார். பிறகு ரம்பத்தைப் பிடித்தார்.

"சரி மாப்ளே. இழுங்க."

மாயாண்டி சற்று நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டார். "நகருங்கப்பா, நானும் ஒரு கை போடுறேன். பொழுதுக்கும் இங்கயேவா நிக்கிறது?"

நாமும்தான் பெண் பார்க்கப் போகிறோம். பஜ்ஜி, காபி, இரண்டு வார்த்தை... அதில் என்ன தெரிந்துவிடுகிறது? மாமனாரும் மருமகனும் சேர்ந்து ஒரு மரத்தை அறுத்துப் பார்க்கட்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுத்தால்தான் ரம்பம் ஓடும். வேறென்ன பொருத்தம் வேண்டும்?

பாதை திறந்ததும் எல்லோரும் மேலே போனோம். வெற்றிலைத் தட்டு முறைப்படி கை மாறியது. தையில் கல்யாணம். புறப்படும்போது பேச்சியம்மாள், "எங்க ஆளா வந்திருங்க" என்றார். கருப்பையா தனியே கூப்பிட்டு, "நீங்க நம்ம பக்கந்தான்" என்றார்.

பந்தியில் யார் வீட்டு ஆள் என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்குள் இலையைப் போட்டுவிடுவார்கள் என்று நம்புகிறேன்.