என் பேரைச் சொன்ன பாறை

பாலைவனம் பார்க்கப் போகிறோம் என்று மகள் சொன்னபோது, "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். "கல்லு," என்றாள். கல்லைப் பார்க்க அமெரிக்கா வரைக்கும் பறந்து வந்து, அதற்கு மேலும் ஒரு பகல் முழுக்கக் காரில் போக வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை. மலேசியாவில், பாரோயில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டுவதற்காக மலையைப் பாதி அறுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் கல் இருக்கிறது, சிவப்பு மண் இருக்கிறது. டிக்கெட் கிடையாது.

ஆசைப்பட்டது என் வீட்டுக்காரர். பாமாயில் லாரி ஓட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவர். லுக்குட்டுக்கும் மந்தினுக்கும் நடுவில் உள்ள தோட்டங்களைத் தவிர உலகத்தில் வேறு இடம் இல்லை என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தார். போன வருடம் நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மேடு ஏறக்கூடாது, மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அந்த மாத்திரைப் போத்தல் என் கைப்பையில் இருக்கிறது. அவரிடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டு வந்து என்னையே கேட்பார்.

"இருக்கப்பவே பாத்துடலாம்லா," என்றார். அந்த 'இருக்கப்பவே' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினேன்.

தேசியப் பூங்கா என்றதும் பூ இருக்கும் என்று நம்பிப் போனேன். பூவும் இல்லை, மரமும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முள்செடி. மற்றதெல்லாம் பாறை. ஆனால் பாறை என்றால் நமக்குத் தெரிந்த கறுப்புப் பாறை இல்லை. சிவப்பு, அதற்கு மேல் மஞ்சள், அதற்கு மேல் கத்தரிப்பூ நிறம், பிறகு வெள்ளை, மறுபடியும் சிவப்பு. எங்கள் ஊர் இரவுச் சந்தையில், பசார் மாலாமில், விற்கிற அடுக்குக் குவே பலகாரத்தை வெட்டி நிறுத்தி வைத்தது மாதிரி இருந்தது. யாரும் சாயம் அடிக்கவில்லை, மண்ணே அப்படித்தான் என்று மகள் சொன்னாள். நான் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை.

அந்த இடத்தில் எதுவுமே எனக்குப் பிடிபடவில்லை. வெயில் சுடுகிறது, வேர்வை வரவில்லை. எங்கள் ஊரில் வெயிலென்றால் முதுகு நனைய வேண்டும். அதோ பக்கத்தில்தான் என்று நினைத்த பாறை நடக்க நடக்கத் தள்ளிப் போயிற்று. காக்காய் சத்தம்கூட இல்லை. இவரோ சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒவ்வொரு பாறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதையோரத்தில் ஒரு பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. எங்களை அந்த நிழலில் உட்கார வைத்து, அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள் மகள். அவள் அமெரிக்காவில் நர்ஸ். தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

"கார்ல இன்னும் தண்ணி இருக்கு, எடுத்துட்டு வந்துர்றேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க லா," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

எனக்குச் சர்க்கரை. அடக்கி வைக்க முடியாது. "இதோ வரேன்," என்று இவரிடம் சொன்னேன். பாறையைப் பார்த்தபடியே தலையாட்டினார். காதில் விழுந்ததோ என்னவோ.

மறைவான இடம் தேடிப் பின்பக்கம் போனேன். தெரியாத இடத்தில் ஒதுங்குவதற்கு முன்னால் அங்கே குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டியது. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க, வழி விடுங்க," என்று சொன்னேன். சொன்ன பிறகு, இங்கே இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்று சந்தேகம் வந்தது. "மிந்தா மாஃப், டத்தோ," என்று மலாயிலும் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் போதுமா என்று தெரியாமல் கடைசியில் "சாரி" என்றேன்.

எழுந்து திரும்பினால் வந்த வழி தெரியவில்லை. பாறைக்கும் பாறைக்கும் நடுவே இரண்டு சந்து. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. நான் வளர்ந்தது பால்மரக் காட்டில், ரப்பர் தோட்டத்தில். மரங்களை நேர்நேராக நிரை பிடித்து நட்டிருப்பார்கள். எந்த நிரையைப் பிடித்து நடந்தாலும் எப்படியும் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் தோட்டத்தில் யாரும் தொலைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால் பாறையில் ஓடிய மஞ்சள் பட்டையை நிரை என்று வைத்துக்கொண்டு, அதில் கை வைத்தபடியே நடந்தேன். அது ஒரு பாறையைச் சுற்றி, இன்னொரு பாறையில் ஏறி, வேறொன்றுக்குத் தாவியது. நானும் போய்க்கொண்டே இருந்தேன். நிரை என்றால் யாரோ மனிதன் நட்டிருக்க வேண்டும், இதை யார் நட்டார்கள் என்ற புத்தி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

நின்று பார்த்தேன். நாலு பக்கமும் அதே குவே அடுக்குப் பாறை. கைத்தொலைபேசி மகளின் பையில். என் கைப்பை மட்டும் தோளில். அப்போதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. நான் தொலைந்தது பெரிதில்லை. மாத்திரையும் என்னோடு தொலைந்துவிட்டது.

உட்கார்ந்தேன். அப்போது யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குரல் இவருடையது. சந்தேகமே இல்லை. அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என் பேரைச் சொன்னதே இல்லை. வீட்டில் 'இந்தா'. கடையில் 'ஓய்'. மற்றவர்களிடம் 'பாப்பாவோட அம்மா'. ஆஸ்பத்திரியில் மனைவி பேர் என்ன என்று கேட்டபோதுகூட என் ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

பால் வெட்டப் போகும்போது என் அம்மா சொல்லுவார், "காட்டுல பேரச் சொல்லிக் கூப்புட்டா வாயத் தொறக்காத. தெரிஞ்ச கொரல்லதான் கூப்புடும். அதுங்களுக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்புடத் தெரியாது. மூணாவது வந்தாத்தான் மனுசன்." தோட்டத்தில் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். நான் வாயை இறுக மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

இங்கேதான் குழப்பம். ஒரு தடவை கூப்பிட்டால் அந்தப் பாறைகள் அதை வாங்கி, எதிர்ப்பாறையிடம் கொடுத்து, அது இன்னொன்றிடம் கொடுத்து, என் பேர் நாலு திசையிலிருந்தும் வந்தது. ஒன்றா, மூன்றா, எட்டா? இதில் எது அவர் சொன்னது, எது கல் சொன்னது? அம்மா சொன்னது பால்மரக் காட்டுக்கு. மரம் குரலைத் திருப்பிக் கொடுக்காது. கல் திருப்பிக் கொடுக்கிற ஊரில் எப்படி எண்ணுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுபடியும் என் பேர். நான் அசையவில்லை. பேயாக இருந்தால் பதில் சொன்னதும் என் கதை முடிந்தது. இவராக இருந்தால், நான் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இந்த மேட்டில் ஏறி என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார், மாத்திரை இல்லாமல். எனக்கு அழுகை முட்டியது. அம்மா மேலும் கோபம் வந்தது, இவர் மேலும் கோபம் வந்தது. எப்போதும்போல 'ஓய்' என்று கூப்பிட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? ஓடிப்போய் நின்றிருப்பேனே!

அடுத்த தடவை என் பேர் பாதியில் நின்றது. மூச்சு வாங்கியது. மிச்சம் பாதி பிறகு வந்தது.

பேய்க்கு எங்கே மூச்சு வாங்கும்? அப்படியே வாங்கினாலும் வாங்கட்டும், போனால் என் உயிர்தானே என்று எழுந்து நின்று கத்தினேன். "இங்கதாங்க இருக்கேன்! ஏறாதீங்க! அங்கயே உக்காருங்க!"

அவர் உட்காரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலும் வரவில்லை. எனக்கு முதுகுப் பக்கமிருந்து, சட்டையெல்லாம் செம்மண்ணாக, மூஞ்சி சாம்பல் பூத்து வந்து நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். பாறையில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

நிழலில் எங்களைக் காணாத மகள், நான் கத்திய சத்தத்தை வைத்து, பூங்காக் காவலரை அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். வேண்டாம் என்று இவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. காவலர் பக்கத்தில் தாங்கிக்கொள்ள, காருக்கு மெல்ல நடந்தோம். போகும்போது நான் கேட்டேன். "இத்தன வருசமா இல்லாம இன்னிக்கி என்னா எம்பேரச் சொல்லிக் கூப்புட்டீங்க?"

நின்று என்னை முறைத்தார். "நான் எங்க பேரச் சொன்னேன்? ஓய், ஓய்னுதான் கத்துனேன். காட்டுல யாராச்சும் பேரச் சொல்லுவாங்களா? உனக்குத் தெரியாதா?"

"அப்பாவுக்கு வெக்கம், ம்மா," என்று மகள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. வெட்கம் என்றால் இவருக்குக் காது சிவக்கும். பார்த்தேன், சிவந்துதான் இருந்தது. ஆனால் அங்கே எல்லாமே சிவப்பு. என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இவர் இல்லை என்றால் வேறு யாருக்கு என் பேர் தெரியும்? இவர்தான் என்றால் இதில் மறைக்க என்ன இருக்கிறது? கட்டின பெண்டாட்டி பேர்தானே, திருட்டுச் சாமானா?

காரில் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். மகள் வேகமாக ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை. வண்டி குலுங்குவதில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. "என்னங்க," என்றேன். அசைவில்லை. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஏர்கோன் குளிரா, இல்லை வேறு எதுவுமா? மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

எனக்கே தெரியாமல் அவர் பேரைச் சொல்லிவிட்டேன். நான் புருஷன் பேரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன், ஒரே ஒரு தடவை.

"ம், இருக்கேன்," என்றார், கண்ணைத் திறக்காமலே.