தராசுக்காரி பிழைத்த கதை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கருவிகளைக் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவது அவள் வேலை. நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய ட்ரேயில் நாற்பத்தொன்றுதான் இருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு சின்ன கிளாம்ப் குறைகிறது என்று பெரிய டாக்டரையே வாசலில் நிறுத்தி வைத்தாள். அவர் தையத்தக்கா என்று குதித்தார். கிளாம்ப் அழுக்குத் துணி மூட்டைக்குள் கிடைத்த பிறகு வாயை மூடிக்கொண்டு போனார். இருபத்தாறு வருஷ வேலையில் அவள் கையைத் தாண்டி ஓர் ஊசிகூடத் தொலைந்ததில்லை.

அந்தப் பெருமை ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம். மற்றதையெல்லாம் கடவுள் தங்கைக்கே வாரிக் கொடுத்துவிட்டார் என்பது அவளுடைய நெடுநாள் புகார். இடுப்பு வரை முடி தங்கைக்கு. மேடை ஏறினால் கால் நடுங்காத தைரியமும் தங்கைக்கு. இப்போது புகழும் சேர்ந்துகொண்டது.

தங்கை எழுதுவது வருங்காலக் கதை. பூமி வாழ லாயக்கில்லாமல் போய் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு, மங்கிய நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிவரும் பத்து ராட்சதச் சக்கரங்களுக்குள் மிச்ச மனிதர்கள் குடியிருக்கிறார்கள். காற்று அளந்துதான் கிடைக்கும். யாருக்கு எவ்வளவு மூச்சு என்பதை ஒரு சபை முடிவு செய்யும். அந்த உலகத்தில் ஒருவரைக்கூட நல்லவர், கெட்டவர் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. வாசகர்கள் சொக்கிப்போவது அதில்தான்.

அதற்குக் காரணம் யார் என்று அவர்களில் எவருக்காவது தெரியுமா? தங்கைக்குப் பன்னிரண்டு வயதில், அடுப்படித் தரையில் உட்கார்ந்து முதல் சக்கரத்தைப் படம் போட்டபோது, காற்றைத் திருடிய ஒருவனைக் கொடியவன் என்று எழுதினாள். டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அக்கா திரும்பி, "அவன் வீட்டுல மூச்சு முட்டற குழந்தை இருந்தா என்னடி பண்ணுவான்?" என்று கேட்டாள். அவர்களுக்குள் ஒரு சட்டம் அன்றைக்குப் பிறந்தது. யாரையும் குற்றவாளி என்று எழுதுவதற்கு முன், தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அவர் பக்கம் நின்று ஒருவர் வக்காலத்து வாங்கியாக வேண்டும். வாங்குவது எப்போதும் அக்காதான். சபைத் தலைவன், காற்றுத் திருடன், பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்தவள் என்று முந்நூறு பேருக்காவது வாதாடியிருப்பாள். தங்கை அத்தனையையும் நோட்டில் ஏற்றிக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமை காலையானால் நோட்டோடு வந்து நிற்பாள்.

முதல் புத்தகம் ஓடோ ஓடென்று ஓடியது. இவ்வளவு பெரிய உலகத்தை எப்படிக் கட்டினீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். தங்கை சிரித்துக்கொண்டே, "தனியா உக்காந்தாத்தான் எனக்கு எல்லாம் தோணும்" என்றாள்.

அக்கா அதை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில், நாலு பேர் நடுவில், போனில் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நர்ஸ், "உன் தங்கச்சியா? கொடுத்து வச்சவ நீ" என்றாள். அக்காவுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு எரிந்தது. தனியாவாம், தனியா! அப்படியானால் அடுப்படியில் நின்று தொண்டை வறளப் பேசியது யார், பேயா?

இரண்டாவது புத்தகம் அச்சுக்குப் போகும் முன், பிழை பார்க்க வழக்கம்போல அக்காவிடம் வந்தது. நாலாம் அத்தியாயத்தில் ஏழாம் சக்கரம் விரிசல் விடுகிறது. பதினோராயிரம் பேரைக் காப்பாற்ற, முந்நூறு பேரை உள்ளே வைத்துக் கதவை மூடுகிறாள் கதவுக்காரி. உள்ளே ஒருவரும் மிஞ்சவில்லை. செத்தவர்களில் ஒருத்தி, தானியம் நிறுக்கும் தராசுக்காரி. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கதவுக்காரியை விசாரிக்கிறார்கள். "யாரையும் காப்பாற்ற வழியில்லை" என்று அவள் சபையில் சொல்லும்போது, பின்வரிசையில் தராசுக்காரி கண்ணை மூடிக்கொள்கிறாள். அத்தியாயங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டதில் தங்கை எடுக்க மறந்த ஒற்றை வரி அது.

பென்சில் அந்த வரிமேல் போய் நின்றது. தனியாகத்தானே எழுதுகிறாள், தனியாகவே கண்டுபிடிக்கட்டும் என்று பக்கத்தைப் புரட்டினாள். "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லியனுப்பினாள். தங்கையின் மூக்கு உடைபடும் நாளை எண்ணி இரண்டு மாதம் சந்தோஷமாகவே இருந்தாள்.

வாசகர்கள் பத்தே நாளில் அந்த வரியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவுக்காரி ரகசியமாக ஒருத்தியை மட்டும் வெளியே விட்டிருக்கிறாள், சபையில் சொன்னது பொய், யார் சாகவேண்டும் என்று அவளே பொறுக்கி எடுத்திருக்கிறாள் என்று இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். ஒரே வரியில் புத்தகத்தையே புரட்டிப் போட்டுவிட்டார் என்று ஒரு பெரிய விமர்சகர் புகழ்ந்து தள்ளினார். இவள் தடுக்கி விழுந்தால்கூட நாட்டியம் என்கிறார்களே என்று அக்கா பொருமினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை நோட்டில்லாமல் வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, தராசுக்காரி எப்படி வெளிய வந்தா?"

"என்னைக் கேட்டா? எழுதினவ நீ."

"நான் தப்பா எழுதிட்டேன். ஊர் என்ன வேணா சொல்லட்டும், அது தப்புன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். ஒரு கிளாம்ப் குறைஞ்சா டாக்டரையே நிறுத்தி வைக்கற ஆளு நீ. செத்தவ எந்திரிச்சு வந்து உக்காந்திருக்கா, உன் கண்ணுல படலையா?"

படவில்லை என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் இருக்கிற ஒரே பெருமையைத் தன் வாயாலேயே குழிதோண்டிப் புதைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

"பட்டுது. வேணும்னுதான் விட்டேன்."

தங்கை உள்ளே போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

"என்னடி பண்றே?"

"இன்னிக்கு வக்காலத்து நான் வாங்கறேன். நீ குறுக்க பேசாதே." தங்கை அடுப்பைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள். "அவளுக்கு எழுத வராது, பேசத்தான் வரும். அவ பேசினதையெல்லாம் இன்னொருத்தி அள்ளிக்கிட்டுப் போய்ப் பேர் வாங்கினா. முந்நூறு பேருக்காக வாதாடினவளுக்காகப் பேட்டியில ஒரு வார்த்தை பேச அந்தக் கூடப்பிறந்தவளுக்கு வாய் வரல. மறந்துபோய் இல்ல. சொன்னா பாதிப் புகழ் போயிடுமேன்னு பயம். பெரியவ மறைச்சது ஒரு வரியை. சின்னவ மறைச்சது அக்காவை. இதுல யாரைக் குற்றவாளின்னு எழுதறது?"

எங்கேயாவது ஒரு சொல் குறையுமா என்று பூதக்கண்ணாடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் கொதித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் நியாயத்தைக்கூட என்னைவிட இவளுக்குத்தானே நன்றாகப் பேச வருகிறது என்று வயிறும் எரிந்தது.