அத்தை எரித்த மனை

அப்பாவின் அக்கா ஒரு நாள் துணிப்பையோடு நகரத்துக்குள் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. கணவரோடு ஒத்துவரவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை வந்ததில் எனக்குச் சந்தோஷம். அம்மாவுக்கு அவ்வளவாக இல்லை.

பக்கத்து மனைக்காரர் பிரான்சில் இருந்தார். மனையில் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. "ஒக்காந்து துன்றதுக்கா வந்தேன்?" என்று அத்தை ஒற்றை ஆளாக முள்ளை வெட்டிச் சாய்த்து, கோடை வெயிலில் காயவிட்டு, அங்கேயே கொளுத்தினார். மழை பெய்ததும் சாம்பலோடு கொத்தி விதைத்தார். அந்த வருடம் வெண்டையும் கொத்தவரையும் காய்த்த காய்ப்பில் அம்மாவே வாயடைத்துப் போனார். மண்ணில் கை வைத்தால் விரல்கள் தானாகப் புதைந்தன. அத்தை இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அந்த வருடம்தான்.

அத்தை வாழ்க்கைப்பட்டது கல்வராயன் மலையடிவாரத்தில். அங்கே எரித்து விதைத்த கொல்லையை அப்புறம் சில வருடங்கள் சும்மா போட்டுவிடுவார்களாம். சாரத்தில் வேறு கொல்லைக்கு எங்கே போவது? அதே மனையை மறுவருடமும் எரித்தார். விளைச்சல் குறைந்தது. சாம்பல்தான் போதவில்லை என்று தெருச் சருகையெல்லாம் வாரிவந்து அதற்கடுத்த கோடையில் இன்னும் பெரிதாகக் கொளுத்தினார். கொடியில் கிடந்த துணியெல்லாம் புகை நாற்றம். "போதும் வுடுங்க அண்ணி, யாரு கேட்டா இதெல்லாம்?" என்றார் அம்மா. அன்று அத்தை சாப்பிடவில்லை.

மண் மாவாகப் பொடிந்து, மழையில் அப்பிக்கொண்டு, வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடியது. கிளறினால் ஒரு மண்புழுகூட இல்லை. விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை.

தெருப் பிள்ளைகளான எங்களுக்கோ கொண்டாட்டம். அப்படியொரு கிரிக்கெட் தரை அதுவரை வாய்த்ததில்லை. குத்திய பந்து நெஞ்சு உயரம் எழும்பியது. ஒரு சாயங்காலம் அத்தை குடத்தோடு மனையைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"அத்த, அடுத்த வருசமும் இதே மாரி கொளுத்துங்க. தர சூப்பரா ஆயிடுச்சி."

அத்தை என் தலையைத் தடவினார். "அடுத்த வருசம் நான் எங்க இருக்கப் போறனோ."

எங்கோ ஊருக்குப் போகப்போகிறார் என்று நினைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுப் பந்து வீச ஓடினேன்.